சிக்னல் கோடு நிறைய இருக்கிறது, பக்கம் மட்டும் திறக்கவில்லை: லேப்டாப்பில் மொபைல் நெட் படுத்தும் பாடு

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்துகொண்டு வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறீர்கள். ஃபைபர் உங்கள் தெருவுக்கு இன்னும் வரவில்லை. சிம் போட்டு யுஎஸ்பியில் மாட்டும் 4ஜி டாங்கிள் ஒன்றை லேப்டாப்பில் செருகி ஓட்டுகிறீர்கள். சிக்னல் முழுதாகக் காட்டுகிறது, ஆனால் சில நேரம் பக்கம் திறப்பதில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் எல்லாமே ஊர்கிறது. லேப்டாப்பை மூடித் திறந்தால் டாங்கிளே காணாமல் போகிறது. ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் பூட்டிய வழியாகப் போகும் விபிஎன் கனெக்ட் ஆனாலும் சில பக்கங்கள் பாதியில் நின்றுவிடுகின்றன. டிரைவரை மாற்றிப் பார்த்தாயிற்று, விண்டோஸையே புதிதாகப் போட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

போட வேண்டாம். நீங்கள் சொன்னது ஒரு கோளாறு இல்லை, நாலு கோளாறு. நாலுக்கும் காரணம் வேறு வேறு. எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்ப்பதால்தான் எதைச் செய்தாலும் தீராத மாதிரி தெரிகிறது.

இதை ஏரிப் பாசனம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் ஏரியில் தண்ணீர் இல்லையா, மதகு திறக்கவில்லையா, வாய்க்கால் நடுவில் உடைந்திருக்கிறதா, நம் வரப்பில்தான் அடைப்பா என்று பார்த்துக்கொண்டே போவோம். வரப்பையே வெட்டி வெட்டிப் போட்டுக்கொண்டிருக்க மாட்டோம். லேப்டாப் விஷயத்தில் மட்டும் எல்லோரும் வரப்பைத்தான் வெட்டுகிறோம், கைக்கு எட்டுவது அதுதானே.

நானும் அதைச் செய்தவன்தான். லேப்டாப் சர்வீஸ் கடையில் வேலை பார்த்த காலத்தில் சொந்தக்காரர் ஒருவர் வீட்டுக்குப் போனபோது, நெட் வரவில்லை என்று ஒரு லேப்டாப்பைக் கையில் கொடுத்தார்கள். அரை நாள் உட்கார்ந்து டிரைவரைக் கழற்றி மாட்டினேன், ஆன்டிவைரஸைத் தூக்கினேன், விண்டோஸ் அப்டேட்டைப் பின்னுக்கு எடுத்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வீட்டுப் பையன் சிம்மை எடுத்துத் தன் போனில் போட்டுப் பார்த்துவிட்டு, "மாமா, ரீசார்ஜ் முடிஞ்சு மூணு நாள் ஆச்சு" என்றான். அன்றிலிருந்து லேப்டாப்பைத் தொடுவதற்கு முன் இரண்டு சோதனையைச் செய்யாமல் நகர்வதில்லை.

ஒன்று, டாங்கிளில் இருக்கும் அதே சிம்மைப் போனில் போட்டு, அதே இடத்தில், வைஃபையை அணைத்துவிட்டு, ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். போனிலும் திறக்கவில்லை என்றால் லேப்டாப் நிரபராதி, டாங்கிளும் நிரபராதி. இரண்டு, வீட்டில் வேறு யாருடைய போனிலாவது ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை அதில் இணையுங்கள். திறந்தால் லேப்டாப் நன்றாக இருக்கிறது, கோளாறு டாங்கிளிலோ சிம்மிலோதான். திறக்கவில்லை என்றால் மட்டும் லேப்டாப்பைக் குடையுங்கள். பத்து நிமிட வேலை. பாதிக் கேஸ் இங்கேயே முடிந்துவிடும்.

இந்த இரண்டு சோதனையோடு முடியாத கேஸ்களை இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் பேக். தினசரி 1.5 ஜிபி, 2 ஜிபி என்று இருக்கும் ஜியோ, ஏர்டெல் பேக்குகளில் அன்றைய அளவு தீர்ந்ததும் நெட் நின்றுவிடாது, 64 கேபிபிஎஸ் வேகத்துக்கு இறங்கிவிடும். அந்த வேகத்தில் வாட்ஸ்அப் எழுத்து போகும், பக்கம் திறக்காது. "சிக்னல் இருக்கு, ஆனா நெட் இல்ல" என்ற புகாரில் நிறைய இதுதான். இரவு 12 மணிக்கு மேல் தானாகச் சரியானால் சந்தேகமே வேண்டாம். அவ்வளவு டேட்டாவையும் யார் குடித்தார்கள் என்றால், விண்டோஸ் அப்டேட்டும் ஒன்டிரைவும்தான் பெரும்பாலும். செட்டிங்ஸில் அந்த இணைப்பைத் திறந்து 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்று குறித்துவிட்டால் பெரிய அப்டேட்டுகளில் பெரும்பாலானவை காத்திருக்கும். டாங்கிளை ஈதர்நெட் என்று எடுத்துக்கொண்ட விண்டோஸ் அது அளவு வைத்துக் கொடுக்கும் நெட் என்று தானாகப் புரிந்துகொள்ளாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

ஈதர்நெட் என்று ஏன் சொன்னேன் என்றால், டாங்கிளில் இரண்டு சாதி உண்டு, இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். பழைய வகை, லேப்டாப்புக்கு மோடம் மாதிரி தெரியும், அதற்கென்று ஒரு சாஃப்ட்வேர் திறந்து 'கனெக்ட்' அழுத்த வேண்டும். இப்போது வருவதில் பெரும்பாலானவை தானே ஒரு குட்டி ரவுட்டர். லேப்டாப் அதை ஒரு நெட்வொர்க் கேபிள் செருகியதாகவே நினைத்துக்கொள்ளும். அதனால் விண்டோஸில் செல்லுலார் என்ற மெனுவைத் தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது. அதன் செட்டிங்ஸ் எல்லாம் பிரவுசரில் 192.168.8.1 அல்லது 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்தால் வரும் பக்கத்தில் இருக்கும். எது என்று டாங்கிளின் மேலேயோ பெட்டியிலோ அச்சடித்திருப்பார்கள். இந்தப் பக்கம் திறந்தால் லேப்டாப்புக்கும் டாங்கிளுக்கும் நடுவில் பிரச்சினை இல்லை என்றும் தெரிந்துவிடும்.

அந்தப் பக்கத்தில் ஏபிஎன், அதாவது கம்பெனியின் நெட்டுக்குள் நுழையும் வாசலின் பெயர், சரியாக இருக்கிறதா பாருங்கள். ஜியோவுக்கு 'ஜியோநெட்', ஏர்டெல்லுக்கு 'ஏர்டெல்ஜிபிஆர்எஸ் டாட் காம்', பிஎஸ்என்எல்லுக்கு 'பிஎஸ்என்எல்நெட்'. எல்லாமே ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல். யூசர்நேம், பாஸ்வேர்டு காலியாக விடலாம். சிம்மை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியவர்கள் பழைய ஏபிஎன்னையே விட்டுவைத்திருப்பார்கள். அப்புறம், அதே பக்கத்தில் ஐபி வகை என்று ஒன்று இருக்கும். நெட்டில் முகவரி எழுதும் பழைய முறை ஐபிவி4, புதியது ஐபிவி6. இரண்டும் என்று வையுங்கள். ஜியோவின் நெட்வொர்க் ஐபிவி6-ஐ நம்பியே ஓடுவது. வெறும் ஐபிவி4 என்று பூட்டி வைத்தால் சில டாங்கிள்கள் 'கனெக்டட்' என்று காட்டிவிட்டுச் சும்மா இருக்கும்.

இன்னொன்று, 'கனெக்டட், நோ இன்டர்நெட்' என்று விண்டோஸ் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். மைக்ரோசாஃப்ட் தளத்தில் இருக்கும் ஒரு துளியூண்டு கோப்பை எடுத்துப் பார்த்துத்தான் அது அப்படி முடிவு செய்கிறது. அந்த ஒன்று தடைபட்டால் நெட் ஓடும்போதே இல்லை என்று சொல்லும். கமாண்ட் பிராம்ப்டில் பிங் (ping) என்று அடித்து ஓர் இடைவெளி விட்டு 8.8.8.8 என்ற கூகுள் முகவரியைக் கொடுங்கள். பதில் வருகிறது, ஆனால் பெயர் அடித்தால் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் கோளாறு டிஎன்எஸ்ஸில், அதாவது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவையில். இணைப்பின் டிஎன்எஸ்ஸைக் கையால் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றினால் போதும். பிங்குக்கும் பதில் இல்லை என்றால் அதற்கு முந்தின படியில்தான் உடைப்பு. லேப்டாப்பின் தேதி தப்பாக இருந்தாலும் எந்தத் தளமும் 'பாதுகாப்பில்லை' என்று முறுக்கிக்கொள்ளும். மதர்போர்டின் சின்ன பேட்டரி தீர்ந்த பழைய லேப்டாப்களில் இது சகஜம்.

இப்போது சிக்னல் கோடு. இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டும், ஏனென்றால் இந்தக் கோட்டை நம்பித்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். எத்தனை டெசிபலுக்கு (சிக்னல் பலத்தை அளக்கும் அலகு) எத்தனை கோடு என்று எல்லோருக்கும் பொதுவான விதி எதுவும் கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குப் போடுகிறது. டாங்கிள் பக்கத்தில் 'டிவைஸ் இன்ஃபர்மேஷன்' மாதிரி ஓர் இடத்தில் இரண்டு எண் கிடைக்கும், அவற்றைப் பாருங்கள். ஆர்எஸ்ஆர்பி என்பது டவரிலிருந்து வரும் அலை எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்பது. மைனஸில் இருக்கும். -80, -90 என்றால் நன்று. -100 சுமார். -110 தாண்டினால் இழுபறி, -120 என்றால் இருந்தும் இல்லாததும் ஒன்றுதான். பத்து டெசிபல் குறைந்தால் பலம் பத்தில் ஒன்றாகிவிடும். -85 இருந்த இடத்திலிருந்து -105 உள்ள இடத்துக்குப் போனால் நூறில் ஒரு பங்குதான் வந்து சேர்கிறது. ஒரு சுவரைத் தாண்டி உள் அறைக்குப் போவதிலேயே இந்த இருபது டெசிபலில் பாதி போய்விடலாம்.

இன்னோர் எண் எஸ்ஐஎன்ஆர். இது தரம். 20-க்கு மேல் அருமை, 10 நன்று, பூஜ்யத்துக்குக் கீழே போனால் பலம் எவ்வளவு இருந்தும் பயனில்லை. கோயில் கொடையில் தெருவின் இரண்டு முனையிலும் குழாய் ரேடியோ கட்டி, ஒன்றில் வில்லுப்பாட்டும் இன்னொன்றில் சினிமாப் பாட்டும் போட்டால், நடுவில் நிற்பவனுக்குச் சத்தத்துக்குக் குறைவில்லை, ஒரு வார்த்தை புரியாது. இரண்டு டவருக்கு நடுவில் இருக்கும் வீட்டில் நடப்பது இதுதான். கோடு நிறைய, நெட் இல்லை. உங்கள் முதல் புகாருக்கு என் முதல் சந்தேகம் இந்த எண் மேல்தான்.

இதற்கு மருந்து இடம் மாற்றுவது. டாங்கிளை லேப்டாப்பின் இடுப்பில் செருகி வைக்காமல், ஒரு மீட்டர் அல்லது ஒன்றரை மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிளில் மாட்டி ஜன்னலுக்குக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு ஜன்னலிலும் இரண்டு நிமிடம் வைத்து இரண்டு எண்ணையும் எழுதுங்கள். எஸ்ஐஎன்ஆர் அதிகம் வரும் ஜன்னல்தான் உங்களுக்கு, கோடு குறைவாகக் காட்டினாலும் பரவாயில்லை. ஒரு டவரை மறைக்கிற சுவர் சில சமயம் நமக்கு உதவியே செய்கிறது. தகரக் கூரைக்குக் கீழே, இரும்பு பீரோ பக்கத்தில், குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வைக்காதீர்கள். எவர்சில்வர் தட்டில் வைத்தால் சிக்னல் கூடும் என்று காணொளிகள் சுற்றுகின்றன. 2300 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 13 சென்டிமீட்டர், 850-க்கு 35 சென்டிமீட்டர். அந்த அலையைக் குவிக்கத் தோசைத் தட்டு போதாது, அதற்கு மாடிப்படி ஏறுவது மேல். உயரம்தான் உதவும்.

கேபிள் போடுவதில் இன்னொரு லாபமும் உண்டு. யுஎஸ்பி 3.0 போர்ட்டும் அதில் ஓடும் ஹார்ட் டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ், அதாவது 2400 மெகாஹெர்ட்ஸ், பக்கத்தில் இரைச்சல் கிளப்பும். இதை 2012-லேயே இன்டெல் எழுதி வைத்திருக்கிறது. பக்கத்துப் போர்ட்டில் ஹார்ட் டிஸ்க் காப்பி ஆகும்போது மட்டும் நெட் தடுமாறினால் காரணம் அதுதான். சித்திரை வெயிலில் லேப்டாப் சூட்டோடு டாங்கிள் சூடும் சேர்ந்து அது திணறுவதும் கேபிளால் குறையும்.

கடையில் 'சிக்னல் பூஸ்டர்' என்று பெட்டி விற்பார்கள், வாங்கிவிடாதீர்கள். அனுமதி இல்லாமல் இப்படிச் சிக்னலைப் பெருக்கும் ரிப்பீட்டர் வைப்பது இங்கே சட்டப்படி குற்றம், பக்கத்து வீட்டுக்காரர்களின் சிக்னலையும் கெடுக்கும். டாங்கிளில் ஆன்டெனா ஓட்டை இருந்தால் அதில் வெறும் ஆன்டெனாவை மாட்டுவது வேறு விஷயம், அதில் தப்பில்லை.

சாயங்காலக் கதைக்கு வருவோம். விடியற்காலை ஐந்து மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் அதே ஜன்னலில் ஆர்எஸ்ஆர்பி எண்ணையும் வேகத்தையும் எழுதுங்கள். பலம் அதேதான், வேகம் மட்டும் பத்தில் ஒன்று என்றால் டவரில் கூட்டம். ஒரு டவரின் ஒரு திசையில் இருக்கும் எல்லா வீடும் ஒரே குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறது. லேப்டாப்பில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அது மாறாது. 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் தூரம் போகும், சுவரைத் தாண்டும், ஆனால் அகலம் குறைவு, சீக்கிரம் நிறைந்துவிடும். 2300-இல் இடம் அதிகம், ஆனால் சுவரில் மோதி நின்றுவிடும். கிராமத்து வீட்டுக்குள் இருக்கும் டாங்கிள் பெரும்பாலும் தாழ்ந்த அலையையே பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நிற்கும். ஜன்னலுக்குக் கொண்டுபோனால் மேல் அலைக்குத் தாவ வாய்ப்பு உண்டு. சில டாங்கிள்களில் எந்த பேண்டை, அதாவது எந்த அலைவரிசையை, பிடிக்க வேண்டும் என்று பூட்டவும் முடியும். ஜியோ என்றால் 5, 3, 40 ஆகிய மூன்றில் 40-ஐ (2300 மெகாஹெர்ட்ஸ்) ஒருமுறை பூட்டிச் சோதியுங்கள்.

வேறு கம்பெனிக்கு மாறுவது என்று முடிவு செய்தால், நம்பரை மாற்றும் முன் ஒரு தோழியின் சிம்மைக் கடன் வாங்கி அதே ஜன்னலில் எட்டு மணிக்குப் பாருங்கள். தரங் சஞ்சார் என்று அரசுத் தளம் ஒன்று 2017 முதல் இருக்கிறது, உங்கள் ஊரைச் சுற்றி எங்கே யாருடைய டவர் இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டும். பிஎஸ்என்எல்லுக்குப் போவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. அவர்களின் 4ஜியில் 700 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 28, முக்கியமானது. பழைய டாங்கிள்கள் பலவற்றில் அது இருக்காது. பெட்டியைப் பார்த்துவிட்டுப் போங்கள். வீட்டில் பழைய டாடா ஃபோட்டானோ நெட் செட்டரோ கிடந்தால் அதைத் தூசி தட்ட வேண்டாம். ஃபோட்டான் ஓடிய சிடிஎம்ஏ என்ற பழைய வகை நெட்வொர்க்கே இப்போது இல்லை, 3ஜி நெட் செட்டர் ஜியோ சிம்மை ஏறெடுத்தும் பார்க்காது.

கம்பெனியிடம் முறையிடுவதாக இருந்தால் 198-க்குப் போட்டுப் புகார் எண் வாங்குங்கள். "நெட் ஸ்லோ" என்றால் போனை அணைத்துப் போடச் சொல்வார்கள். "ஆர்எஸ்ஆர்பி -92, காலை 5 மணிக்கு 30 எம்பிபிஎஸ், இரவு 8 மணிக்கு 2, ஏழு நாள் குறிப்பு இருக்கிறது" என்று சொன்னால் பேச்சு வேறு மாதிரி போகும். அதிலும் தீரவில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம்.

மூடித் திறந்தால் டாங்கிள் காணாமல் போவது மட்டும்தான் உண்மையிலேயே லேப்டாப்பின் குற்றம். பேட்டரியை மிச்சம் பிடிக்க விண்டோஸ் யுஎஸ்பியைத் தூங்க வைக்கிறது, டாங்கிளுக்கு எழுந்திருக்கத் தெரியவில்லை. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் அட்வான்ஸ்டு, அதில் 'யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை அணையுங்கள். டிவைஸ் மேனேஜரில் 'யுஎஸ்பி ரூட் ஹப்' ஒவ்வொன்றையும் திறந்து பவர் மேனேஜ்மென்ட் தாவலில் இருக்கும் டிக்கை எடுங்கள். சில புதிய லேப்டாப்களில் அந்தத் தாவலே இருக்காது. அப்போது மூடுவதற்கு முன் டாங்கிளைக் கழற்றிவிட்டு, திறந்த பிறகு மாட்டுவதுதான் வழி. செருகியதும் டாங்கிள் ஒரு சிடி டிரைவாக மட்டும் தெரிந்து அப்படியே நின்றால் பயப்பட வேண்டாம். பல டாங்கிள்கள் முதலில் சாஃப்ட்வேரைக் காட்டச் சிடியாக வந்து, பிறகுதான் மோடமாக மாறும். மாறாமல் நின்றால் வேறு போர்ட்டில், ஹப் இல்லாமல் நேராகச் செருகுங்கள். பல்லக்குத் தூக்கிகள் போதாமல் பல்லக்கு கிடப்பது மாதிரி, யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லியாம்ப் மின்சாரம்தான் தரும். நாலு பொருளை மாட்டிய மலிவு ஹப்பில் அதுவும் பங்காகிவிடும்.

இந்த இடத்தில் ஒன்று. "ஷட் டவுன் பண்ணிப் போட்டேன், அப்பவும் வரல" என்பார்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும் விண்டோஸில் ஷட் டவுன் செய்தால் உள்ளே இருக்கும் டிரைவர் நிலையைக் கோப்பில் எழுதி வைத்துவிட்டு, மறுபடி போடும்போது அதையே எடுத்துக்கொள்ளும். கோளாறும் கூடவே எழுந்து வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் சுத்தமாகத் தொடங்கும்.

விபிஎன் பாதியில் நிற்பது எனக்குப் பிடித்த கோளாறு, ஏனென்றால் அடையாளம் அவ்வளவு தெளிவு. லாகின் ஆகிறது, சின்னப் பக்கம் திறக்கிறது, பெரிய பக்கமோ ஃபைலோ தொங்குகிறது. இது எம்டியு. ஒரு தடவைக்கு எவ்வளவு பெரிய பொட்டலம் போகலாம் என்ற அளவு அது. வழக்கமாக 1500 பைட். மொபைல் நெட்டில் அதைவிடக் குறைவாக இருப்பது சகஜம். அதற்கு மேல் விபிஎன் தன் உறையையும் சுற்றுகிறது. பெரிய பொட்டலம் வழியில் சத்தமில்லாமல் தொலைகிறது, சின்னது மட்டும் போய்ச் சேர்கிறது. சோதிக்க, விபிஎன்னைத் துண்டித்துவிட்டு, பிங்கில் 'உடைக்காதே' என்ற சுவிட்சோடு (-f) 1472 என்று அளவு (-l) கொடுங்கள். 28 பைட் தலைப்பு சேர்ந்து 1500 ஆகும். அது போகாமல் 1400, 1350 போகிறது என்றால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். விபிஎன்னின் எம்டியுவை 1300 அல்லது 1280-க்கு இறக்கச் சொல்லி ஆபீஸ் ஐடி ஆட்களிடம் இந்த எண்ணோடு கேளுங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் அதை நீங்களே மாற்ற அனுமதி இருக்காது.

உங்கள் லேப்டாப்பிலேயே சிம் ஓட்டை இருக்கிறது, அதில் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஓட்டை இருப்பதால் மோடம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஒரே உடலில் பல மாடல் செய்வதால், மோடம் கார்டு போடாத லேப்டாப்பிலும் ஓட்டையை மட்டும் விட்டிருப்பார்கள். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் பட்டியலில் ஃபிபோகாம், குவெக்டெல், சியரா வயர்லெஸ் என்று மோடம் கம்பெனிப் பெயர் ஏதாவது இருந்தால் மோடம் உண்டு. அப்போது தாராளமாகச் சிம்மைப் போடுங்கள், மூடியின் ஓரத்தில் இருக்கும் ஆன்டெனா பொதுவாக டாங்கிளைவிடப் பெரியது. பட்டியலில் இல்லை என்றால் கார்டை வாங்கிப் போட்டுவிடலாம் என்று கிளம்பாதீர்கள். உள்ளே ஆன்டெனா ஒயர் இருக்கிறதா என்று முதலில் திறந்து பார்க்க வேண்டும். சில லேப்டாப்களின் பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை சாஃப்ட்வேர்), தன் பட்டியலில் இல்லாத கார்டைப் பார்த்தால் பூட் ஆகவே மறுக்கும்.

இத்தனையும் பார்த்த பிறகும் தீராவிட்டால்தான் 'நெட்வொர்க் ரீசெட்'. அது எல்லா அடாப்டரையும் கழற்றி மாட்டும், சேமித்து வைத்த வைஃபை பாஸ்வேர்டுகள் போய்விடும், விபிஎன் சாஃப்ட்வேரை மறுபடி போட வேண்டியும் வரலாம். ஆபீஸ் லேப்டாப் என்பதால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் செய்யாதீர்கள், ஐடி ஆட்கள் போனை எடுக்கும் நேரத்தில் செய்யுங்கள்.